தோளில் தைத்த பூ என்ன சொல்கிறது?

காக்கிச் சட்டை போட்ட ஒருவரின் தோளில் மூன்று நட்சத்திரம் இருக்கிறது. அதைப் பார்த்து "வானத்தின் மேல் ஆசை கொண்டவர் போலிருக்கிறது" என்று யாரும் நினைப்பதில்லை. இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று எழுந்து நிற்கிறோம். அதே நட்சத்திரம் டிசம்பர் மாதம் வாசலில் தொங்கினால் கிறிஸ்துமஸ். ஓட்டல் பலகையில் ஐந்து இருந்தால், உள்ளே போகுமுன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம். வடிவம் ஒன்றுதான். எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து அது சொல்லும் சேதி மாறிவிடுகிறது.

ருமேனியப் பெண்களின் பூத்தையல் சட்டையைப் பற்றி இணையத்தில் சுற்றும் படங்கள் இந்தச் சின்ன விஷயத்தை மறந்துவிடுகின்றன. சாய்சதுரம் என்றால் வளம், சுருள் என்றால் முடிவில்லாத காலம், சிவப்பு என்றால் காதல், அலை என்றால் தண்ணீர் என்று பட்டியல் போட்டு, பக்கத்தில் அழகான சட்டை ஒன்றையும் வைத்துவிடுகிறார்கள். அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு சட்டையை வரிவரியாக வாசித்துவிடலாம் என்ற எண்ணம் நமக்கும் வந்துவிடுகிறது. அந்தச் சட்டை அப்படி வேலை செய்வதில்லை. அதில் பொருளே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. ஆனால் பட்டியல் காட்டும் இடத்தில் பெரும்பாலும் இல்லை.

முதலில், சட்டை எது

ருமேனிய மொழியில் இந்த மேற்சட்டையின் பெயர் "இயெ". பேச்சில் "இயா" என்றும் கேட்கும்; அது "அந்த இயெ" என்று சுட்டிச் சொல்லும் வடிவம், வேறு உடை அல்ல. லினன் துணியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பெயரிலேயே துணி இருக்கிறது, பூ இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

துணி வீட்டுத் தறியில் நெய்தது. லினன் தரும் ஆளிச் செடியின் நார், ஹெம்ப் என்ற சணல் போன்ற செடியின் நார், பிற்காலத்தில் பருத்தி. சில பகுதிகளில் வீட்டிலேயே வளர்த்த பட்டுப்புழுவின் கச்சாப் பட்டும் உண்டு. சட்டை முழுக்க நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனது. உடம்புக்கு ஏற்ப வளைத்து வெட்டுவது கிடையாது. நார் விதைத்து, அறுத்து, ஊறவைத்து, அடித்து, நூற்று, நெய்தவளுக்குத்தான் ஒரு முழம் துணியின் அருமை தெரியும். அவள் கத்தரியால் வளைத்து வெட்டித் துண்டுகளை வீணாக்க மாட்டாள். அகலமான துணியைக் கழுத்தைச் சுற்றிச் சுருக்கி, நாடா கோத்து இழுத்துக் கட்டிவிட்டால் சட்டை தயார். மேலே சட்டை, இடுப்பில் சுற்றும் கம்பளித் துணி அல்லது முன்னும் பின்னும் தொங்கும் இரண்டு துண்டுகள், இறுக்கிக் கட்டும் பட்டை, தலைக்கு முக்காடு. எல்லாம் சேர்ந்ததுதான் முழு உடை. சட்டையைத் தனியே கழற்றி ஹேங்கரில் மாட்டிப் பேசுவது நம் காலத்துப் பழக்கம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு

ஏன் இந்தத் தையல்களில் சாய்சதுரமும் சிலுவையும் படிக்கட்டு போன்ற கோடும் மீண்டும் மீண்டும் வருகின்றன? ஒரு கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டங்களை மட்டும் நிரப்பி ஒரு பூ வரைந்து பாருங்கள். இதழ் வளையாது, படிப்படியாகத்தான் ஏறி இறங்கும். மூலைக்கு மூலை கட்டங்களை நிரப்பிக்கொண்டே போய்த் திரும்பி வந்தால், நீங்கள் நினைக்காமலேயே ஒரு சாய்சதுரம் விழுந்திருக்கும்.

கையால் நெய்த துணியும் அப்படியொரு கணக்கு நோட்டுதான். நெடுக்கே ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் சேர்ந்து கட்டம் போடுகின்றன. பழைய முறையில் பெண்கள் துணியின் மேல் பென்சிலால் எதையும் வரைந்துகொள்ளவில்லை. நூல்களை எண்ணினார்கள்: மூன்று விட்டு மூன்று எடு, அடுத்த வரியில் ஒன்று தள்ளு. இதை எண்ணித் தைத்தல் என்போம். தைப்பவளின் மனதில் இருந்தது ஓவியமல்ல, ஒரு கணக்கு.

சாய்சதுரம் ருமேனியாவில் மட்டும் இல்லாமல் உக்ரைனிலும் பாலஸ்தீனத்திலும் குவாத்தமாலாவிலும் தென்படுவதற்கு இதுவே பெரிய காரணம். நூலை எண்ணித் தைக்கும், நெய்யும் எவருக்கும் எளிதில் கைகூடும் வடிவம் அது. எல்லா நாட்டுப் பெண்களும் ஒரே ரகசியத்தைக் காத்துவந்தார்கள் என்று எண்ணத் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட ஊரில் அந்தச் சாய்சதுரத்துக்கு ஒரு கதை ஒட்டியிருக்கலாம். அந்த ஊரில் கேட்டால்தான் அது தெரியும். வடிவத்தை வெறித்துப் பார்த்தால் தெரியாது.

சுருக்கமாக: துணி கட்டம் போடுகிறது, எண்ணிக்கை வடிவம் தருகிறது. அர்த்தம் அதற்குப் பிறகுதான் வந்து உட்காருகிறது.

தோள், சுருக்கம், ஆறு

எங்கே உட்காருகிறது? நட்சத்திரத்தைப் போலவே, முதலில் தோளில்.

மிக முக்கியமான வகைச் சட்டையில் கைப்பகுதி மூன்று பாகங்களாகப் பிரிந்திருக்கும். தோளின் மேல் குறுக்காக வரும் அடர்த்தியான தையல் பட்டைக்கு "அல்திட்ஸா" என்று பெயர். அதன் கீழே சில விரல்கள் சேர்ந்த அகலத்தில், பெரும்பாலும் மஞ்சள், வெள்ளை போன்ற வெளிர் நிறம் ஒன்றில் மட்டும் ஓடும் பட்டை "இன்க்ரெட்ஸ்". அதற்கும் கீழே, முழங்கையைத் தாண்டி மணிக்கட்டுவரை நேராகவோ சாய்வாகவோ இறங்கும் வரிசைகளுக்கு "ருவுரி" என்று பெயர். அந்தச் சொல்லுக்கு ஆறுகள் என்று பொருள். நாமும் ஆறுகள் என்றே சொல்வோம். நெஞ்சிலும் முதுகிலும்கூட ஆறுகள் இறங்கும்.

இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் அடங்கிக் கிடக்கும் இன்க்ரெட்ஸ். அந்தப் பெயருக்குச் சுருக்கம், கொசுவம் என்று பொருள். தோள்துண்டும் கைத்துண்டும் தனித்தனித் துணியாக இருந்த காலத்தில், அகலமான கைத்துணியைச் சுருக்கிக் குறுகலான தோள்துண்டோடு பொருத்த வேண்டியிருந்தது. அந்தச் சுருக்கங்களை நிறுத்திப் பிடிக்கப் போட்ட தையல்தான் இது. பிறகு தோளும் கையும் ஒரே துணியாகி, சுருக்க வேண்டிய தேவை போய்விட்டது. தையல் மட்டும் அலங்காரமாக அங்கேயே தங்கிவிட்டது. இன்று சிலர் இதை வானத்துக்கும் பூமிக்கும் இடையிலான எல்லை என்று விளக்குகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பிறப்பு மூட்டுத் தையலில்.

அல்திட்ஸாவின் கதை வேறு. சட்டையிலேயே அதிக உழைப்பு, அதிக நிறம், அதிகக் கவனம் விழும் இடம் அது. அங்கே வரும் வடிவம் வழக்கமாக அதே சட்டையில் வேறெங்கும் திரும்ப வராது. ஆறுகள் தங்களுக்குள் ஒத்துப் போகலாம்; தோள் தனித்து நிற்க வேண்டும். ஒரு பெண் எவ்வளவு நேர்த்தியாகத் தைப்பாள் என்று ஊர் முதலில் பார்ப்பதும் தோளைத்தான். 2022-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ருமேனியாவுக்கும் மால்டோவாவுக்கும் சேர்த்து இந்தக் கலையைச் சேர்த்தபோது, பொதுவாக "ருமேனியச் சட்டை" என்று எழுதாமல், தோளில் அல்திட்ஸா உள்ள சட்டை என்றே குறிப்பிட்டது.

ஊர் படித்த சேதி

இப்போது உறுதியாகத் தெரிந்த பொருளுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிராமத்தில் இந்தச் சட்டை பிறர் பார்த்துப் படிக்கும் பொருளாக இருந்தது. ஆனால் அவர்கள் படித்தது "சுருள் என்றால் நித்தியம்" என்ற பாடத்தை அல்ல. இவள் எந்த ஊர்? வயது என்ன? மணமானவளா? இன்று திருவிழாவா, வேலை நாளா, துக்கமா? இந்தக் கேள்விகளுக்குத்தான் உடை பதில் சொன்னது.

ஊர் என்பது நிறத்திலும் வெட்டிலும் தெரியும். வடக்கே புக்கொவினாவில் தோள்பட்டை பல நிறத்தில், பாசிமணி கோத்து, தடிமனாக இருக்கும். கார்பாத்திய மலையின் தெற்குச் சரிவில் ஆர்ஜெஷ், முஷ்செல் பக்கம் சிவப்பும் கறுப்பும், ஜரிகையும் ஜிகினாவும். மராமுரேஷில் கழுத்தே சதுரமாக இருக்கும். வ்ரான்ச்சா பகுதியில் கைத்துணியை நேராக வைக்காமல் கையைச் சுற்றி முறுக்கித் தைத்த ஒரு வகைச் சட்டை உண்டு. அதைப் பார்த்தவுடனே ஊர் தெரிந்துவிடும்.

சிபியு நகரத்தை ஒட்டிய மலையடிவார ஊர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே உடை கறுப்பும் வெள்ளையும். வெளியூர்க்காரர் பார்த்தால் எல்லோரும் துக்கம் காக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். கல்யாண வயதுப் பெண் திருவிழாவுக்கு உடுத்துவதும் அதே கறுப்பு வெள்ளைதான். மலையைத் தாண்டி வேறு பகுதிக்குப் போனால், சிவப்பு குறைந்து கருநிறம் கூடுவது வயதையோ துக்கத்தையோ சொல்லும். கறுப்பு என்றால் துக்கம் என்று பட்டியலில் ஒரு வரி எழுதி வைத்தவர் சிபியுவில் தோற்றுப்போவார்.

வயது பல இடங்களில் ஒரே திசையில் நகர்கிறது. இளம்பெண்ணின் சட்டையில் சிவப்பு தூக்கலாக, தையல் அடர்த்தியாக இருக்கும். வயது ஏற ஏற நிறம் அடங்கும், பூ குறையும். மூதாட்டியின் சட்டையில் ஏறக்குறைய வெள்ளைத் துணி மட்டுமே மிஞ்சும். ஒரு பெண் கடைசிவரை ஒரே வகைச் சட்டையை உடுத்துவதில்லை. வயதான ஒருத்தி இளம்பெண்ணின் அல்திட்ஸாவோடு தெருவில் வந்தால் ஊர் சும்மா விட்டிருக்காது.

மணமானவளா என்ற கேள்விக்குச் சட்டையைவிடத் தலைதான் தெளிவாகப் பதில் சொன்னது. கன்னிப்பெண் பின்னலைக் காட்டி வெறுந்தலையோடு போகலாம். மணமானவள் தலையை மூட வேண்டும். கல்யாணத்தின் ஒரு கட்டத்தில் மணப்பெண்ணின் தலையலங்காரத்தைக் கழற்றி, முதல் முறையாக முக்காடு கட்டிவிடுவது தனிச் சடங்காகவே நடந்தது. ஆண்களுக்கும் இதுபோல உண்டு. வடக்கு டிரான்சில்வேனியாவின் நசவுத் பகுதியில் மயில் இறகை விசிறிபோல விரித்து வைத்த தொப்பியைப் போட்டவன் கல்யாணமாகாத இளைஞன். மயில் என்றால் செருக்கா அழகா என்று யாரும் ஆராயவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளைப் பையன்களைப் பார்த்தார்கள்.

இதுவரை பார்த்தது: நிறமும் இடமும் அடர்த்தியும் சேர்ந்து ஆளைப் பற்றிய செய்தியைச் சொல்கின்றன. அந்தச் செய்தி ஊருக்கு ஊர் மாறும். படிக்கத் தெரிந்தவர்களும் அந்த வட்டாரத்தார்தான்.

தேன்குழலில் தேன் இல்லை

அப்படியானால் வடிவங்களுக்குப் பெயர்களே இல்லையா? ஏராளமாக உண்டு, அதுவும் ரசமான பெயர்கள். ஆட்டுக்கடாவின் கொம்பு, ஓக் இலை, கோதுமைக் கதிர், இடையனின் கொக்கிக் கோல், சக்கரம், வழி தவறிய பாதை. கடைசிப் பெயர் திரும்பித் திரும்பி வளைந்து ஓடும் ஒரு கோட்டுக்கு உரியது. பெயரைக் கேட்டதும் மனம் தத்துவத்துக்குத் தாவுகிறது: வாழ்க்கைப் பயணம், ஆன்மாவின் அலைச்சல்.

கொஞ்சம் பொறுப்போம். தேன்குழலில் தேன் இல்லை. வாயில் போட்டால் உப்புதான் தெரியும். அதற்காக அந்தப் பலகாரத்தைச் சுட்டவர் தேனைப் பற்றி ஏதோ மறைபொருள் சொல்ல வந்தார் என்று நாம் கட்டுரை எழுதுவதில்லை. பெயர் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல உதவுகிறது. அது பெயரின் முதல் வேலை.

தையலிலும் அப்படித்தான். அச்சடித்த மாதிரித் தாள் கைக்கு எட்டாத காலத்தில், நூறு நூல் கணக்கை ஒருத்தி மற்றொருத்திக்கு எப்படிக் கடத்துவாள்? "அந்தக் கடாக்கொம்பைப் போடு" என்றால் போதும். பெயர் ஒரு கைப்பிடி. ஒரே வடிவம் ஓர் ஊரில் இலையாகவும் பக்கத்து ஊரில் கொக்கியாகவும் இருப்பதன் காரணமும் இதுவே. பெயரிலேயே நிலையான மறைபொருள் அடங்கியிருந்தால் மலை தாண்டியதும் அது மாறியிருக்காது.

இந்தக் கடத்தல் நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து பனிக்காலம் வந்ததும், பெண்கள் மாலையில் ஒரு வீட்டில் கூடி நூற்பார்கள், தைப்பார்கள். இந்தக் கூடலுக்கு "ஷெஸத்வாரே" என்று பெயர். உட்கார்தல் என்ற சொல்லிலிருந்து வந்தது. பாட்டு, விடுகதை, ஊர்வம்பு எல்லாம் அங்கே உண்டு, பையன்களும் எட்டிப் பார்ப்பார்கள். சிறுமிகள் தாயின் கையைப் பார்த்தே கணக்கைக் கற்றார்கள். பார்த்ததை அப்படியே எடுத்து, ஒரு நூலைக் கூட்டி, ஒரு நிறத்தை மாற்றித் தனதாக்கிக்கொள்வதில்தான் போட்டி. எல்லாச் சட்டையும் ஒரே விதியைப் பின்பற்றினாலும் இரண்டு சட்டைகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கமாட்டா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடைச் சாயம், கடை நூல், அச்சிட்ட மாதிரித் தாள் எல்லாம் வந்து சேர்ந்தன. உடனே சட்டைகளில் குண்டு ரோஜாக்கள் மலர்ந்தன. ரோஜாவுக்கும் பட்டியல் போடுகிறவர்கள் ஓர் அர்த்தம் தருகிறார்கள். அந்தப் பெண்ணுக்குச் சந்தையில் புதிய தாள் ஒன்று கிடைத்தது, பிடித்துப்போயிற்று, தைத்தாள் என்பதும் ஓர் அர்த்தம்தானே.

நம்பிக்கை குடியிருக்கும் இடம்

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாம் வெறும் கணக்கும் பகட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டால் அது எதிர்த்திசைத் தவறு. இந்தக் கிராமங்களில் சட்டைக்கு மந்திர சக்தி உண்டு என்ற நம்பிக்கை ஆழமாக இருந்தது. அதைப் பூ வடிவத்தில் தேடாமல், சட்டையை எப்போது செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள், அதை என்ன செய்தார்கள் என்று தேட வேண்டும்.

மிகக் கூர்மையான சான்று "கொள்ளைநோயின் சட்டை". பிளேக் நெருங்குகிறது என்று செய்தி வந்ததும், சில ஊர்களில் பெண்கள் ஒன்றுகூடி ஒரே இரவில் நாரை நூற்று, துணி நெய்து, சட்டை தைத்து முடிப்பார்கள். விடிவதற்குள் முடிய வேண்டும். அதை ஊர் எல்லையில் கொண்டுபோய் வைப்பார்கள். கொள்ளைநோய் ஒரு பெண். உடுக்க ஒன்றுமில்லாமல் அலைகிறாள். சட்டை கிடைத்தால் எடுத்துக்கொண்டு ஊருக்குள் வராமல் போய்விடுவாள். ஒரு வருட வேலையை ஓர் இரவில் அடக்கிய அந்தச் சட்டையில் பூவேலைக்கு எங்கே நேரம்? ஆனாலும் இந்தக் கட்டுரையில் வரும் சட்டைகளிலேயே பொருள் கனத்த சட்டை அதுதான். பலரின் உழைப்பு, ஒரே இரவு, ஊர் எல்லை: இவைதான் அதன் எழுத்துகள்.

சிவப்பைப் பாருங்கள். கண்ணேறு படாமலிருக்கக் குழந்தையின் கையிலும் கன்றுக்குட்டியின் மேலும் சிவப்பு நூல் கட்டும் வழக்கம் ருமேனியாவில் உண்டு. மார்ச் 1 அன்று சிவப்பு, வெள்ளை நூல்களை முறுக்கிச் செய்த சிறு கயிற்றை அன்பளிப்பாகத் தருவார்கள். "மர்ட்ஸிஷோர்" எனப்படும் அந்த வழக்கம் 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆகவே சிவப்பு காக்கும் என்ற எண்ணம் ஊரில் உயிரோடு இருந்தது. சட்டையின் கழுத்து, மணிக்கட்டு, கீழ்விளிம்பு ஆகிய திறந்த ஓரங்களில் தையல் வருவதையும் அத்தோடு சேர்த்துக் காவல் என்று விளக்குவது பொருத்தமாகவே படுகிறது. அதே ஓரங்கள்தான் முதலில் தேய்ந்து கிழியும் இடங்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுவது நேர்மை. காவலும் பலமும் ஒரே தையலில் இருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்கக்கூடாது என்று தைத்தவள் நினைத்திருக்க மாட்டாள்.

மரம் வரும் தையலும் அப்படி. எல்லா மரத்தையும் "வாழ்வின் மரம்" என்று அழைப்பது சோம்பல். ஆனால் "ப்ராத்" எனப்படும் ஊசியிலை மரத்துக்கு ருமேனியக் கிராமங்களில் நிஜமான சடங்கு வாழ்க்கை உண்டு. கல்யாணத்தில் அலங்கரித்த ப்ராத் மரத்தை ஏந்திப் போவார்கள். மணமாகாமல் இறந்த இளைஞருக்குச் சில பகுதிகளில் அதே மரத்தைக் கல்லறையில் நடுவார்கள். கிடைக்காமல் போன கல்யாணம் அது. இப்படி ஒரு சடங்கின் துணை இருக்கும்போது, சட்டையில் தைத்த ப்ராத் பற்றிப் பேச நமக்குக் காலூன்ற இடம் கிடைக்கிறது.

ஒரு பெண்ணின் ஆயுளை அவள் தைத்த சட்டைகளை வைத்தே சொல்லிவிடலாம். ஈஸ்டருக்குப் புதுச்சட்டை வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை "ஜொய்மரிட்ஸா" என்ற பயங்கர உருவம் வந்து, நூற்று முடிக்காத பெண்ணைத் தண்டிப்பாள் என்று சிறுமிகளை மிரட்டி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்கான சட்டையை மணப்பெண்ணே தைப்பாள். சீர்ப்பெட்டி நிறையத் தனக்கும் தைத்து வைத்திருப்பாள். முதுமையில், தன்னை அடக்கம் செய்யும்போது உடுத்த வேண்டியதையும் அவளே எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள்.

ஆகவே: வடிவத்தின் பின்னால் சடங்கோ வழக்கமோ நின்றால் அதன் குறியீட்டைப் பற்றிப் பேசலாம். எதுவும் நிற்கவில்லை என்றால் அது நம் கற்பனை.

ஆறாயிரம் ஆண்டுக் கதை

இன்னொரு தளர்வான பேச்சு, இந்தச் சட்டை ஆறாயிரம் ஆண்டு பழமையானது என்பது. 1884-ல் யாஷ் நகருக்கு அருகே குக்குதேனி என்ற ஊரில் கண்டுபிடிக்கப்பட்ட பண்பாடு இதற்கு ஆதாரமாக வருகிறது. அங்கே கிடைத்த மட்பாண்டங்களில் அற்புதமான சுருள்கள் உண்டு. சட்டையிலும் சுருள்கள் உண்டு. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். நடுவே உள்ள ஆயிரக்கணக்கான ஆண்டுகளைத் தாண்ட ஒரு பாலமும் இல்லை. நார்த்துணி மண்ணில் மக்கிவிடும், பானை நிற்கும்.

கொஞ்சம் திடமான சான்று ரோம் நகரில் இருக்கிறது. கி.பி. 113-ல் எழுந்த டிராஜன் தூணில், ரோமானியர் வென்ற டாசிய நாட்டின் பெண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் உடை கழுத்தருகே சுருக்கம் விழுந்த மாதிரி தெரிகிறது. நேர்த்துணியைக் கழுத்தில் சுருக்கிக் கட்டும் வெட்டு பழமையானது என்று இதிலிருந்து சொல்லலாம். பூத்தையலைப் பற்றிக் கல் எதுவும் சொல்லவில்லை. அருங்காட்சியகங்களில் நாம் காணும் சட்டைகள் பெரும்பாலும் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பழமை குறைந்தால் மதிப்பு குறையும் என்ற பயம்தான் இந்த ஆறாயிரத்தை விடாமல் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ராணிகள் உடுத்தியபோது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டை புதிதாக ஒரு சேதியைச் சுமக்கத் தொடங்கியது: நான் ருமேனியன். இதைப் பரப்பியவர்களில் முன்னால் நிற்பவர்கள் வெளிநாட்டில் பிறந்த இரண்டு ராணிகள் என்பது வேடிக்கை. முதலாம் கரோல் மன்னரின் மனைவி எலிசபெத் ஜெர்மனியில் பிறந்தவர். அரண்மனைப் பெண்களுக்குக் கிராமத்து உடையை உடுத்தப் பழக்கினார். அடுத்து வந்த மேரி, விக்டோரியா மகாராணியின் பேத்தி. இயெ அணிந்து அவர் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் இன்றும் பிரபலம். புதிய நாட்டுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, மலைக்கிராமத்துச் சட்டை அந்த முகமாயிற்று.

அதன்பின் சட்டையைப் பலர் பல விதமாகப் பேச வைத்தார்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் நண்பர் ருமேனிய ஓவியரான தெயொடோர் பல்லாடி. மத்தீஸ் இந்தச் சட்டை அணிந்த பெண்ணை 1940-ல் வரைந்து முடித்தார். பாரிசுக்கு அது நிறமும் கோடும். கம்யூனிஸ்ட் தலைவர் சௌஷெஸ்குவின் ஆட்சியில் 1976 முதல் 1989 வரை நடந்த மாபெரும் கலைவிழாக்களில், வரிசையாக ஒரே மாதிரி மேடைச் சட்டைகள் வந்தன; அங்கே அது கட்சி ஏற்பாடு செய்த மகிழ்ச்சி. 2013-ல் இணையத்தில் கூடிய ஓர் ஆர்வலர் குழு, ஜூன் 24-ஐ இந்தச் சட்டையின் நாளாக அறிவித்தது. அந்தத் தேதி முன்பே கோடைத் திருநாள். பெண்கள் மஞ்சள் காட்டுப்பூவில் மாலை பின்னும் நாள். 2017-ல் ருமேனியாவின் பிஹோர் பகுதியின் மேலாடையைப் போன்ற ஒன்றைப் பாரிசின் பெரிய ஆடை நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஊர்ப்பெயரையே சொல்லவில்லையே என்று ருமேனியர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயம். நூறாண்டுக்கு முன் அந்த மேலாடை முதலில் சொன்னதே ஊர்ப்பெயரைத்தான்.

இன்று தலைநகர் புக்கரெஸ்டின் தெருவில் ஜீன்ஸ் மேல் இயெ போட்டுப் போகும் பெண் "நான் ருமேனியப் பெண்" என்கிறாள். 1850-ல் ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. தான் எந்தக் கிராமம், அடுத்த கிராமத்துக்காரி அல்ல என்பதைத்தான் அவள் சொல்லியாக வேண்டும்.

ஒரு சட்டை கையில் கிடைத்தால்

புக்கரெஸ்டில் ருமேனிய விவசாயி அருங்காட்சியகம், 1936-ல் திறந்த கிராம அருங்காட்சியகம் என இரண்டு நல்ல இடங்கள் உண்டு. போகும் வாய்ப்பு இல்லையென்றால் இணையத்தில் படங்கள் கிடைக்கும். பூவைப் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் துணி: வீட்டுத் தறியா, மில் துணியா? அடுத்து கழுத்து: நாடா சுருக்கமா, சதுரமா? பிறகு தோள்: தனிப் பட்டையாக அல்திட்ஸா இருக்கிறதா, அதன் வடிவம் கையிலும் திரும்ப வருகிறதா? கீழே வெளிர் நிறப் பட்டை, அதற்கும் கீழே ஆறுகள் எத்தனை, நேராகவா சாய்வாகவா? எந்த வட்டாரம் என்று விவரச் சீட்டில் போட்டிருந்தால் அதே வட்டாரத்தின் இன்னொரு சட்டையை எடுத்து, எது கூடுதல், எது குறைவு, எந்த நிறம் அடங்கியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். இளையவளின் சட்டை எது, மூத்தவளின் சட்டை எது என்று பத்துப் பன்னிரண்டு சட்டை பார்த்தபின் கண்ணே சொல்லத் தொடங்கும்.

சந்தையில் விற்கும் சட்டையாக இருந்தால், கைப்பகுதியை உட்புறம் திருப்பிவிடுங்கள். இயந்திரத் தையலின் உட்பக்கத்தில் அடிநூல் ஒரே சீராக, ஒரே நிறத்தில் ஓடும். கைத்தையலில் நூல் எங்கே தீர்ந்தது, எங்கே புது நூல் தொடங்கியது, எந்த இடத்தில் எண்ணிக்கை தவறி ஒரு வரி பிரித்து மறுபடி போட்டாள் என்பதெல்லாம் அங்கே அப்படியே இருக்கும்.